மெக்கானிக் தொழில் பழகுகிறவருக்குச் சட்டம் தருவது என்ன?

கார் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்த பையன் முதல் சில மாதங்கள் டீசலில் பாகங்களைக் கழுவுவான். கேட்ட எண் ரிங் ஸ்பேனரை எடுத்து நீட்டுவான். பார்த்துப் பார்த்தே தொழில் கைக்கு வந்துவிடும். ஆனால் அவன் அங்கே தொழிலாளியா, மாணவனா, வெறும் எடுபிடியா? இந்தியாவில் இதற்குப் பதில் சொல்வது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். முதலாளியோடு போடும் ஒப்பந்தம் அரசிடம் பதிவாகியிருந்தால்தான் அந்தப் பதில் அவனுக்குப் பயன்படும்.

குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்களுக்கு 18. பழகுநர் வயதுவராதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடுவார். ஒப்பந்தம் பதிவானதும் மாத உதவித்தொகை கட்டாயமாகிறது. அதை வேலைக்கணக்கில் தரக் கூடாது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. "இன்று இரண்டு வண்டிக்குத்தான் பிரேக் மாற்றினாய், அதற்குரியதை வாங்கிக்கொள்" என்று முதலாளி கணக்குப் பார்க்க முடியாது. பயிற்சியின்போது ஜாக்கி நழுவிக் கை நசுங்கினால் இழப்பீடு தருவதும் அவர் பொறுப்பு. இத்தனைக்கும் சட்டத்தின் பார்வையில் பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர்தான். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

2016இல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. இப்போது அந்தப் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கு அவர் பெயரில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பட்டறையில் இப்படிச் சேரலாம்? 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை என்பது கணக்கு. நான்கு பேர் முதல் இருக்கும் சிறிய இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். ஒரு மேஸ்திரி, இரண்டு உதவியாளர் என்று நடக்கும் பட்டறை இந்தக் கணக்கிலேயே வராது. தொழிலை உண்மையில் கற்றுக்கொடுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதாம். திட்டத்தின் பெரிய ஓட்டை இது என்பேன்.

பத்தாம் வகுப்பு தேறியவருக்கு ஐ.டி.ஐ. வழி இருக்கிறது. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் ஓராண்டு. இன்ஜினைத் தொடுவதற்கு முன் அரம் பிடித்து இரும்பைத் தேய்க்க வைப்பார்கள். வெர்னியரில் அளவு பார்க்கச் சொல்வார்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் கை நிதானப்படுவது அங்கேதான். முடித்தவருக்குத் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் பழகுநராகச் சேர்ந்தால் அடிப்படைப் பயிற்சியைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. நேராக வண்டிக்கே போகலாம்.

பள்ளிப் படிப்பை விட்டுப் பட்டறையிலேயே பத்து வருடம் கழித்தவருக்கு, முன்னறிவை அங்கீகரிக்கும் திட்டம் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. குறுகிய அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு, தேறினால் சான்றிதழ். இதை ஐ.டி.ஐ. சான்றிதழுக்குச் சமம் என்று எண்ணி ஏமாறக் கூடாது, ஐ.டி.ஐ. தகுதி கேட்கும் அரசு வேலைக்கு இது உதவாது. அந்தச் சான்றிதழே வேண்டுமென்றால் அகில இந்தியத் தொழில்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழி உண்டு. பணி அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். செய்முறையோடு எழுத்துத் தேர்வும் இருக்கிறது: இன்ஜின் வால்வை இயக்கும் டாப்பெட்டின் சத்தத்தைக் காதாலேயே கண்டுபிடிப்பவர், அதற்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் அங்கே சொல்லியாக வேண்டும்.