உயிர்வேலிக்கு ஃபீல்ட் மேப்பிள்: பிடுங்கும் முன் இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள்

இங்கிலாந்தில் தோட்ட வேலைக்குப் போகிற இடங்களில், வேலியோரம் தானாக முளைத்த மேப்பிள் கன்று எதுவானாலும் "சைக்கமோர்தான், பிடுங்கிவிடுங்கள்" என்கிறார்கள். அந்தக் கணக்கில் ஃபீல்ட் மேப்பிளும் சேர்ந்து போகிறது. பிரிட்டன் மண்ணுக்கே உரிய ஒரே மேப்பிள் அதுதான். சைக்கமோரும் நார்வே மேப்பிளும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

ஃபீல்ட் மேப்பிளின் இலை சிறியது, மடல்களின் முனை மழுங்கியிருக்கும். சைக்கமோர் இலை பெரியது, ஓரமெல்லாம் பற்கள். காம்பை ஒடித்தால் ஃபீல்ட் மேப்பிளில் பால் கசியும், சைக்கமோரில் கசியாது. நார்வே மேப்பிளிலும் பால் உண்டு என்றாலும் அதன் இலைமுனைகள் ஊசியாய்க் கூர்ந்திருக்கும். காய் கிடைத்தால் இன்னும் எளிது: ஃபீல்ட் மேப்பிள் காயின் இரண்டு இறக்கைகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விரியும், சைக்கமோரில் கோணமாக மடங்கித் தொங்கும். ஃபீல்ட் மேப்பிளின் இளங்கிளைகளில் பல நேரம் தக்கைபோன்ற வரிப்புகள் தென்படும்.

குதிரை வளர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. சைக்கமோர் விதையிலும் முளையிலும் ஹைப்போகிளைசின் ஏ என்ற நஞ்சு இருக்கிறது. அவற்றை மேய்ந்த குதிரைகளுக்குத் தசை சிதைந்து உயிரே போகலாம். ஃபீல்ட் மேப்பிள் விதைகளைச் சோதித்த ஆய்வில் அந்த நஞ்சு தென்படவில்லை. மேய்ச்சல் நிலத்தின் ஓரம் வேலி கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வேலிக்குத் தொட்டிச் செடி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை, வேரில் மண்ணில்லாமல் விற்கும் 40 முதல் 60 செ.மீ. உயர நாற்றுகளே போதும். மீட்டருக்கு மொத்தம் 5 வீதம், இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக நடுங்கள். வேர் காயக்கூடாது, மண் உறைந்திருக்கும் நாளில் நடவும் கூடாது. சுண்ணாம்பு மண், களிமண் இரண்டிலும் வரும். நட்டதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பலருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் வெட்டாத வேலி மேலே அடர்ந்து அடியில் ஓட்டையாகிவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் மூடாக்குப் போட்டுக் களையை அடக்கினால் போதும். விதையிலிருந்து வளர்க்க ஆசையென்றால் பொறுமை வேண்டும், முளைக்க 18 மாதம்கூட ஆகலாம்.

கவாத்தை நவம்பர், டிசம்பரில் முடித்துவிடுங்கள். குளிர்காலக் கடைசியில் வெட்டினால் சாறு வடியும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி (Wildlife and Countryside Act) குற்றம். கோடையில் இலைமேல் சிவப்புக் கொப்புளங்களைப் பார்த்துப் பதறி அழைப்பவர்கள் உண்டு. அது சிலந்திப்பேன் வகையின் வேலை, மரத்துக்குக் கேடில்லை. மருந்தடிக்க வேண்டாம்.