ஹெல்மெட்டில் தலையைக் காப்பது எது, விலையைக் கூட்டுவது எது

ரோடு சைக்கிளுக்கு ஹெல்மெட் வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது விலைதான். 2,000 ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது, 20,000 ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது. இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரே பொருள்தான்: புது டிவி உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிற அதே தெர்மாகோல், கொஞ்சம் கூடுதல் அடர்த்தியில். பத்து மடங்கு விலை கொடுத்தால் பாதுகாப்பும் கூடும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. காரணம் தெரிய வேண்டுமானால், தலை தரையில் மோதுகிற சில மில்லி விநாடிகளில் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறவரின் தலை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. தரையைத் தொடும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 19.5 கி.மீ. வெறும் தலை தார்ச்சாலையில் பட்டு, 2 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 750 மடங்கு வருகிறது, அதாவது 750 ஜி. அதே தலை 20 மி.மீ. தூரம் எடுத்துக்கொண்டு நின்றால் வெறும் 75 ஜி. விழுந்த உயரமும் வேகமும் மாறவில்லை. நிற்கக் கிடைத்த இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்தக் கூடுதல் 18 மி.மீ. இடத்தைத் தருவதற்காகத்தான் ஹெல்மெட்.

தெர்மாகோல் இந்த வேலைக்கு எப்படிப் பொருந்துகிறது? அது நீராவியில் ஊதிப் பெருக்கப்பட்ட பாலிஸ்டைரீன் மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்த பொருள், பெரும்பகுதி காற்று. அடி விழும்போது அந்த மணிகளுக்குள் இருக்கும் நுண்ணறைகளின் சுவர்கள் மடிந்து நொறுங்குகின்றன, மோதலின் ஆற்றல் அதில் செலவாகிறது. நொறுங்கியது பெரும்பாலும் மறுபடி எழும்பாது. அதுதான் நமக்கு வேண்டியதும். நசுங்கி உடனே பழைய நிலைக்குத் துள்ளும் பொருளாக இருந்தால், வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைத் தலைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் மெத்தென்ற பட்டைகள் வசதிக்காகவும் வியர்வைக்காகவும் வைத்தவை. அவை தடிமனாக இருக்கின்றன என்பதற்காக ஒரு ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வடிவமைப்பாளரின் உண்மையான தலைவலி அடர்த்தியில் தொடங்குகிறது. தெர்மாகோல் மென்மையாக இருந்தால் பலத்த அடியில் முழுக்க நசுங்கி முடிந்துவிடும். மிச்சமுள்ள வேகத்தோடு தலை தரையில் இடிக்கும். கெட்டியாக இருந்தால் பலத்த அடியைத் தாங்கும், ஆனால் நடுத்தரமான அடியில் நசுங்கவே நசுங்காது. வந்த அதிர்ச்சி அப்படியே தலைக்குள் போகும். இரண்டுக்கும் நடுவே ஓர் அடர்த்தியைப் பிடித்து, போதுமான தடிமனில் வார்த்தால் நல்ல ஹெல்மெட். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

செலவு வருவது காற்றுத் துளைகளில். ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வெக்கைதான் எப்போதும் பெரிய குறை. 1991-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது வீரர்கள் ஓட்ட மறுத்து நின்றார்கள், விதி பின்வாங்கியது. 1995 டூர் டி பிரான்ஸில் ஃபேபியோ காசர்டெல்லி மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில், அதே பாரிஸ்-நீஸில் ஆந்த்ரேய் கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான் உலக சைக்கிள் சம்மேளனம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. வெக்கையை ஒரு சாக்கு என்று ஒதுக்க நான் தயாரில்லை. தலை கொதித்தால் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள், அப்புறம் அது இருந்து பயன் என்ன?

ஆனால் ஒவ்வொரு துளையும் தெர்மாகோலை எடுத்துவிட்ட இடம். துளை பெருகப் பெருக, நடுவே விலா எலும்புகள் போல மிச்சமிருக்கும் தெர்மாகோல் பகுதிகள் அதே அடியைத் தாங்க வேண்டும், ஆகவே அங்கே அடர்த்தியைக் கூட்டுகிறார்கள், உள்ளே வலுவூட்டும் சட்டங்களை வைத்து வார்க்கிறார்கள். 300 கிராம் ஹெல்மெட்டை 200 கிராமுக்குக் கொண்டுவர இத்தனை பாடு. மேல்விலையில் பெரும்பங்கு இந்த எடைக் குறைப்புக்கும், காற்றோட்டத்துக்கும், காற்றைக் கிழித்துப் போகும் வடிவத்துக்கும்தான் போகிறது. பந்தய வீரருக்கு அவை அவசியம். காலையில் 30, 40 கி.மீ. ஓட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர் 100 கிராம் எடையை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்.

மலிவான ஹெல்மெட்டை நம்பலாமா என்பதற்குச் சோதனை முத்திரை பதில் சொல்லும். ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரப்படி, ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலையைத் தட்டையான இரும்பின் மேல் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் விழவைக்கிறார்கள். நடைபாதை விளிம்பு போன்ற கூரான இரும்பின் மேல் 4.57 மீட்டர் வேகத்தில். தலைக்குள் இருக்கும் கருவி 250 ஜி-யைத் தாண்டக் கூடாது. 50 டிகிரியில் சூடாக்கியும், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை குளிரவைத்தும் சோதிக்கிறார்கள், ஆகவே நம் வெயிலை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1999 முதல் கட்டாயமான சிபிஎஸ்சி தரம் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழவைக்கிறது, வரம்பு 300 ஜி. 2,000 ரூபாய் ஹெல்மெட்டும் 20,000 ரூபாய் ஹெல்மெட்டும் ஏற வேண்டிய படி ஒன்றேதான்.

இந்தச் சோதனைகளில் ஒரு பெரிய குறை உண்டு. எல்லாம் நேர்ச்செங்குத்தாக விழுகிற அடிகள். நிஜத்தில் 35 கி.மீ. வேகத்தில் போகிறவர் விழும்போது தலை கீழே மட்டும் போவதில்லை, சாலையோடு முன்னாலும் போகிறது. சாலை ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்க, தலை சட்டென்று சுழல்கிறது. தண்ணீர் நிறைந்த குடத்தைச் சடாரென்று திருப்பினால் உள்ளே தண்ணீர் கூடவே திரும்பாது. மண்டையோட்டுக்குள் மூளையும் அப்படித்தான் பின்தங்குகிறது, திசுக்கள் முறுக்கிக்கொண்டு இழுபடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இயற்பியலாளர் ஹோல்பர்ன் 1943-லேயே ஜெலட்டின் மாதிரிகளை வைத்து இதை விளக்கினார்: மூளையை அமுக்கிச் சுருக்குவது கடினம், ஆனால் சறுக்கி உருக்குலைப்பது மிக எளிது. ஆகவே சுழற்சியே அதிகம் சேதப்படுத்தும்.

இதைக் கையிலெடுத்தவர்கள் ஸ்டாக்ஹோமில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் ஃபான் ஹோல்ஸ்டும் பொறியாளர் பீட்டர் ஹல்டினும். தெர்மாகோலுக்கும் தலைக்கும் நடுவே, ரப்பர் பிடிகளில் தொங்கும் மெல்லிய வழுக்கும் தகடு ஒன்றை வைத்தார்கள். மோதலின்போது ஹெல்மெட் தலைமேல் 10 முதல் 15 மி.மீ. வரை நழுவும், சுழற்சியில் ஒரு பகுதி அதிலேயே கழிந்துவிடும். கடைகளில் மஞ்சள் நிறப் புள்ளியோடு மிப்ஸ் என்று எழுதியிருப்பது இதுதான். தலைமுடியே ஓரளவு வழுக்கத்தானே செய்கிறது, இதற்குத் தனித் தகடு எதற்கு என்று வாதிடுவோரும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வகம் 45 டிகிரி சாய்ந்த, உப்புத்தாள் ஒட்டிய பரப்பில் ஹெல்மெட்டுகளை விழவைத்துப் பார்க்கிறது, மிதமான வேகத்திலும் அதிவேகத்திலும். 2018-இல் வெளியான முதல் பட்டியலில் 30 ஹெல்மெட்டுகளில் நான்குக்கு மட்டுமே ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. நான்கிலும் மிப்ஸ் இருந்தது. அவற்றில் ஒன்றின் விலை 75 டாலர்தான், அதைவிடப் பல மடங்கு விலை போட்ட சில அதற்குக் கீழே நின்றன. எனவே கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், எடைக் குறைப்புக்கு முன்னால் இந்தத் தகட்டுக்குக் கொடுங்கள்.

கடையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஈஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி, தயாரிப்பாளர் பெயர், தலை அளவு, தயாரித்த காலம், இவை இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஐஎஸ் 4151 என்ற ஐஎஸ்ஐ முத்திரையைத் தேட வேண்டாம், அது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கானது. பிரபலமான பெயர்களில் பாதி விலைக்கு ஆன்லைனில் வருபவற்றில் போலிகள் உண்டு. பெயருக்காகப் போலியை வாங்குவதைவிட, பெயர் தெரியாவிட்டாலும் முத்திரை உள்ள மலிவானதை நல்ல கடையில் வாங்குவது மேல்.

பிறகு அளவு. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே விளிம்பு வருமாறு மாட்டி, பின்னால் உள்ள திருகை இறுக்குங்கள். தாடை வாரைப் பூட்டாமலே குனிந்து தலையை ஆட்டுங்கள், நழுவக் கூடாது. முன்விளிம்பில் கட்டைவிரலை வைத்து மேலே தள்ளுங்கள். நெற்றி முழுக்கத் தெரியும்படி ஏறினால், நெற்றிதான் தரையில் படப்போகிறது. பக்க வார்கள் காதுக்குக் கீழே ஆங்கில வி வடிவில் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போனால் போதும். தலை உருண்டையா நீளமா என்பதைப் பொறுத்து ஒரே அளவெண்கூட ஒருவருக்குப் பொருந்தும், இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆகவே போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

விழுந்து தலை அடிபட்டால், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்தது. நசுங்கிய இடத்தை ஓடு மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல், தின்னர் பட்டாலும் தெர்மாகோல் கரைந்துவிடும். சோப்புத் தண்ணீரைத் தவிர வேறெதிலும் துடைக்க வேண்டாம். தூக்கிப் போடும்போது வார்களை வெட்டிவிட்டுப் போடுங்கள், பழைய சாமான் கடையிலிருந்து அது இன்னொரு தலைக்குப் போகாமல் இருக்கும்.