வலிக்கிறது என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா?

ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புகளில் கூட்டம் சேரும். சில மாதங்கள் கழித்து எங்களைப் போன்ற விளையாட்டு பிசியோதெரபிஸ்டுகளிடம் கூட்டம் வரும். அப்படி வருகிற பிள்ளைகளில், விழுந்து கையை உடைத்துக்கொண்டவர்கள் குறைவு. எலும்பு முறிந்தால் எல்லோரும் பதறி ஓடிவந்துவிடுகிறார்கள். வலியை மறைத்து, டேப் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள்தான் அதிகம். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "சொன்னா போட்டிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

இந்தப் பயம் பிள்ளைக்குத் தானாக வந்ததில்லை. இந்த விளையாட்டு காலங்காலமாகக் கொண்டாடிய காட்சிகளே அப்படி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக், ஓடிவந்து மேடையில் கையூன்றிப் பாயும் வால்ட் பிரிவில், முதல் முயற்சியில் தவறி இறங்கிக் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். நொண்டிக்கொண்டே போய் இரண்டாவது முறையும் பாய்ந்தார். இறங்கியதும் ஒற்றைக் காலில் நின்று நடுவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டு, அப்படியே மண்டியிட்டுச் சரிந்தார். பயிற்சியாளர் பேலா கரோலி அவரைத் தூக்கிக்கொண்டு போன படம் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு கணக்குப் பார்த்தால், அந்த இரண்டாவது பாய்ச்சல் இல்லாமலேயே அமெரிக்காவுக்கு அணித் தங்கம் கிடைத்திருக்கும். அப்போது அவருக்கு 18 வயது. அதற்குப் பிறகு அவர் ஒலிம்பிக்ஸில் ஆடவே இல்லை. அந்த வீடியோ இன்றைக்கும் தன்னம்பிக்கைப் பாடமாகச் சுற்றுகிறது. எனக்கு அதில் தெரிவது, தசைநார் கிழிந்த கணுக்காலோடு ஓட விடப்பட்ட ஒரு பெண்.

சோவியத் யூனியனின் எலெனா முகினா கதை இதைவிடக் கொடியது. 1978 உலக சாம்பியன். 1979-ல் கால் முறிந்தது. சரியாகக் குணமாவதற்குள் மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்காக மீண்டும் பயிற்சியில் இறக்கப்பட்டார். தாமஸ் சால்டோ என்றொரு வித்தை உண்டு. காற்றில் சுழன்று, திருகி, கடைசியில் காலில் நிற்காமல் முன்பக்கமாக உருண்டு முடிக்க வேண்டும். சுழற்சி கொஞ்சம் குறைந்தாலும் தரையில் முதலில் படுவது தாடையும் கழுத்தும்தான். இதைச் செய்தால் கழுத்து முறியும் என்று தன் பயிற்சியாளரிடம் சொன்னதாகவும், அவர் அதைத் தட்டிக்கழித்ததாகவும் முகினா பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். 1980 ஜூலை 3, ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பயிற்சியில் கழுத்து முறிந்தது. கைகால் இயக்கம் போய், 2006-ல் 46 வயதில் இறந்தார். உருண்டு முடிக்கும் அந்த வகை வித்தைகள் பெண்கள் போட்டியில் பிறகு தடை செய்யப்பட்டன. ஆபத்து என்று அந்தப் பெண்ணே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் என்னை விடாமல் உறுத்துகிறது.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகியபோது, நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று எத்தனை பேர் எழுதினார்கள்! வால்ட்டில் இரண்டரை முறை திருக வேண்டியவர் ஒன்றரைத் திருகலோடு இறங்கினார். காற்றில் தன் உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும் நிலை அது. ஜிம்னாஸ்டிக்ஸ் வட்டாரத்தில் 'ட்விஸ்டீஸ்' என்பார்கள். எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயிலும் தெரியாது. ஆனால் தரை எங்கே என்று தெரியாமல் அந்த உயரத்திலிருந்து இறங்குவது கிழிந்த தசைநாரோடு இறங்குவதைவிட ஆபத்து. ஒரு வாரம் கழித்து பீம் என்ற குறுகலான உயரக் கட்டையில், திருகல் இல்லாத இறக்கத்தை வைத்துக்கொண்டு வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அன்றைக்கு நிறுத்தியதால் அவருடைய ஆட்டம் ஒன்றும் முடிந்துவிடவில்லை.

சரி, நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பத்து முதல் பதினான்கு வயதுக்குள் நான் அதிகம் பார்ப்பது மணிக்கட்டு வலி. மற்ற விளையாட்டுகளில் உடல் எடையைத் தாங்குவது கால். இங்கே கையும் காலாகிவிடுகிறது. கையூன்றிக் குட்டிக்கரணம் அடிக்கும்போது மணிக்கட்டில் உடல் எடையைப்போல் இரண்டு மடங்கு விசைகூட விழலாம். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆர எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்றொரு குருத்தெலும்புப் பட்டை உண்டு. வளர்கிற பிள்ளைக்கு அந்த இடத்தில் பலவீனமான பகுதி அதுதான். திரும்பத் திரும்ப அழுத்தினால் அது நோகும், பிறகு எக்ஸ்ரேயில் அகன்று, ஓரம் சிதைந்து தெரியும்.

பிள்ளையை மேசை முன்னால் நிற்கவைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் பதித்து மெல்ல முன்னால் சாயச் சொல்வேன். நல்ல கையில் முகம் மாறாது. நோவுள்ள பக்கம் உடம்பு தானாகவே எடையை மாற்றிவிடும். முழங்கை லேசாக மடியும், அல்லது உள்ளங்கை எழும்பி விரல்நுனி மட்டும் ஊன்றும். "வலிக்கலை" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். பிறகு கட்டைவிரல் பக்கத்து எலும்பின் மேல் ஒரு விரலால் அழுத்தினால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து ஓய்வுதான். குறைந்தது ஆறு வாரம் கையில் எடை போடக் கூடாது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்துவிட்டால் மாதக்கணக்கில் ஆகும். டேப்பும் வலி மாத்திரையும் வலியைக் குறைக்கும், தட்டைக் காப்பாற்றாது. விட்டுவிட்டால் அந்தத் தட்டு காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். ஆர எலும்பு வளர்ச்சி நின்று, பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு, ஆயுளுக்கும் மணிக்கட்டு நோவு. ஓய்வு என்றால் வீட்டில் படுத்திருப்பது இல்லை. கால் பயிற்சி, வயிற்றுத் தசைப் பயிற்சி, நடன அசைவுகள் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். இதைக் கேட்டதும்தான் பல கோச்சுகளுக்கு மூச்சு வரும்.

சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 1981-ல் 15 ஆகவும் 1997-ல் 16 ஆகவும் உயர்ந்தது. 1976 ஒலிம்பிக்ஸில் ருமேனியாவின் நாடியா கோமனேச்சி முழுப் பத்து மதிப்பெண் எடுத்தபோது அவருக்கு 14 வயது. வயதை உயர்த்தியது நல்லதுதான். ஆனால் அந்த விதி போட்டிக்கு மட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறது என்று எந்த விதியும் எண்ணுவதில்லை. அதைப் பெற்றோர்தான் எண்ண வேண்டும்.

முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேல் வலிக்கிறது என்று ஒரு ஜிம்னாஸ்ட் மூன்று வாரமாகச் சொன்னால் அது 'பிடிப்பு' இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழ் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம்.

மதிப்பெண் முறைக்கும் காயத்துக்கும் தொடர்பு உண்டு. 2006-லிருந்து சர்வதேசப் போட்டிகளில் வித்தையின் கடினத்துக்குத் தனி மதிப்பெண், அதற்கு உச்சவரம்பு கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் நம் தீபா கர்மாகர், காற்றில் முன்பக்கமாக இரண்டு முறை குட்டிக்கரணம் அடிக்கும் ப்ரொடுனோவா வால்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் 7.0 கடின மதிப்பெண் ஒரு காரணம். நான்காம் இடம் பிடித்தார். அடுத்த ஆண்டே முழங்கால் அறுவை சிகிச்சை. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் இன்னும் பத்துக்கு மதிப்பெண் போடும் பழைய முறைதான். அங்கே புதிய ஆபத்தைச் சேர்ப்பதைவிடத் தெரிந்ததை மெருகேற்றுவதே லாபம். 2013-ல் பைல்ஸையே வென்ற கேட்லின் ஓஹாஷி, காயங்களால் சர்வதேச ஆட்டத்தை விட்டுவிட்டு கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ அணியில் சேர்ந்து, 2019-ல் சிரித்துக்கொண்டே முழுப் பத்து வாங்கிய ஃப்ளோர் (தரை) ஆட்டம் கோடிக்கணக்கானோர் பார்த்தது.

அதற்காகக் கல்லூரி ஆட்டம் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிட்டத்தட்ட வாராவாரம் போட்டி. அதே கால், அதே இறக்கம். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுவது அங்கே தலைவலி பிடித்த சங்கதி. 2024 ஜூனில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் மூன்று நாட்களுக்குள் இருவருக்கு அக்கிலீஸ் அறுந்தது, இன்னொருவருக்கு முழங்கால் போனது.

அப்புறம், சாப்பாடு. "ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ற பொண்ணு, லேட்டாத்தான் வயசுக்கு வருவா" என்று அம்மாக்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். 15 வயது முடிந்தும் மாதவிடாய் தொடங்கவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். எலும்பு மெலிவது அதோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவின் கிறிஸ்டி ஹென்ரிக்கிடம் எடை அதிகம் என்று ஒரு நடுவர் சொன்னது 1988-ல். உணவை ஒதுக்கும் நோயால் 1994-ல், 22 வயதில் அவர் இறந்தார். பிள்ளையின் எடையை எல்லோர் முன்னாலும் பார்க்கும் பயிற்சி நிலையம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாகச் சொல்வது என் தொழிலைப் பற்றி. அமெரிக்க அணியின் மருத்துவர் லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்தார். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டு வரை சிறைத் தண்டனை. 1997-லேயே தான் ஒரு பயிற்சியாளரிடம் சொன்னதாக அவர்களில் ஒருவர் சொன்னார். கண்டிப்பான கோச்சுகளுக்கு நடுவே இனிப்பு கொடுத்துச் சிரித்துப் பேசியவர் நாசர் ஒருவர்தான் என்று பலர் சொன்னார்கள். வலியைச் சொல்ல வேறு ஆள் இல்லாத இடத்தில் இப்படிப்பட்டவனிடம்தான் பிள்ளை போய் நிற்கும். சில சமயம் அம்மா அதே அறையில் இருக்கும்போதே, தன் உடம்பால் மறைத்துக்கொண்டு செய்திருக்கிறான்.

அதனால் அறையில் கூட இருப்பது மட்டும் போதாது. பிள்ளையின் முகமும் சிகிச்சை தருபவரின் இரண்டு கைகளும் தெரிகிற பக்கம் உட்காருங்கள். எங்கே தொடப்போகிறார், எதற்கு என்பதைத் தொடுவதற்கு முன்பு பிள்ளைக்கே புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு அத்தோடு நிறுத்த வேண்டும். மணிக்கட்டுக்கோ கணுக்காலுக்கோ வந்த பிள்ளையின் உள்ளாடையை விலக்கும் தேவை எந்த பிசியோதெரபிஸ்டுக்கும் கிடையாது. அப்படி யாராவது கேட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.