இக்னைட்டர்: தீமூட்டி

அமெரிக்கா, கனடா, இத்தாலி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பெல்லட் ஸ்டவ் ஒருநாள் பற்றாமல் நின்றுவிட்டால், அதன் கையேட்டைப் புரட்டுபவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘இக்னைட்டர்’ என்பதாகும். பெல்லட் என்பது மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் அச்சுத் துளைகளின் வழியே பிதுக்கிச் செய்த சிறு உருளை. அதன் விட்டம் பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர். மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகிப் பின் இறுகித் தூளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஸ்டவ் சமையலுக்கானது அன்று, குளிர்காய்வதற்கானது. எனவே இதனை அடுப்பு என்று சொல்வதைவிட, குளிர்காயும் நெருப்புக்குத் தமிழில் முன்பே உள்ள ‘கணப்பு’ என்ற சொல்லால் சுட்டுவதே பொருத்தம்.

இக்னைட்டர் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் நெருப்பைக் குறிக்கும் ‘இக்னிஸ்’ ஆகும். சமஸ்கிருதத்தின் ‘அக்னி’யும் லிதுவேனிய மொழியின் ‘உக்னிஸ்’ஸும் அதே மூலத்திலிருந்து கிளைத்தவை, ஆகவே நாம் வடமொழி வழியாகப் பெற்ற ‘அக்கினி’யும், இன்று ஆங்கிலம் வழியாகப் பெறும் ‘இக்னைட்டர்’உம் ஒரே குடும்பத்துச் சொற்களே. ஆங்கிலத்தில் இச்சொற்குடும்பம் பதினேழாம் நூற்றாண்டில் வழக்கேறியபோது, தீப்பற்றுதல் என்பதோடு, ஒரு பொருளைத் தணலாக ஒளிரும் அளவுக்குச் சூடேற்றுதல் என்ற பொருளும் அதற்கு இருந்தது. வேதியியல் ஆய்வகங்களில் மண்ணையோ சிமெண்ட்டையோ கடுஞ்சூட்டில் வைத்து எடை இழப்பை அளக்கும் ‘லாஸ் ஆன் இக்னிஷன்’ என்னும் சோதனையின் பெயரில் அந்தப் பழம்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. பெல்லட் கணப்பின் இக்னைட்டருக்கும் மிக நெருங்கி வருவது இந்தப் பழம்பொருள்தான்.

ஏனெனில், இந்த உறுப்பு பொறி எதையும் உண்டாக்குவதில்லை. பெரும்பாலான கணப்புகளில் இது விரல் நீளமுள்ள ஓர் உலோகக் குழல். உள்ளே மின்தடைக் கம்பிச் சுருள் இருக்கும். எரிகிண்ணத்தின் பின்புறத்திலோ அடியிலோ, தன்னைவிடச் சற்றுப் பெரிய ஒரு குழாய்க்குள் பொருத்தப்பட்டிருக்கும். கணப்பை இயக்கியதும் மின்சாரம் பாய்ந்து குழல் செந்தணலாகும். புகைபோக்கி விசிறி அறையின் காற்றை அந்தக் குழாயின் வழியே உள்ளிழுக்கும். அந்தச் சூடான காற்று எரிகிண்ணத்தின் துளைகளின் வழியே பெல்லட்டுகளின்மீது பாயும். மரம் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது எரியக்கூடிய வளிகளை வெளிவிடத் தொடங்கும். முதலில் புகை, பிறகே சுடர். தீயை உண்டாக்குவது குழலின் சூடு மட்டுமன்று, அச்சூட்டைச் சுமந்து செல்லும் காற்றோட்டமும்தான். இத்தாலியர் இதனை ‘கந்தெலெத்தா’ என்கின்றனர். சிறு மெழுகுவர்த்தி என்பது அதன் நேர்பொருள். டீசல் எஞ்சினின் சூடேற்றும் பிளக்கிற்கும் அவர்களிடம் அதே பெயர்தான். நம் ஊர் டீசல் மெக்கானிக்குகள் அதனை ‘ஹீட்டர் பிளக்’ என்று சொல்வதும் செயலை அறிந்து சூட்டிய பெயரே.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து மாற்று எரிபொருள் தேடிய காலத்தில், மர அறுவை ஆலைகள் மிகுந்த அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் இவ்வகைக் கணப்புகள் உருவாயின. போயிங் நிறுவனப் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் வடிவமைத்த மாதிரி, 1980களின் முற்பாதியில் இவற்றை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தொடக்ககால மாதிரிகளைக் கையால்தான் பற்றவைக்க வேண்டியிருந்தது. தானே பற்றவைக்கும் உறுப்பு பின்னர் வந்து சேர்ந்தது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? பொறிமூட்டி, பொறிச்செருகி என்பன பெட்ரோல் எஞ்சினுக்கும், தட்டினால் பொறி தெறிக்கும் கேஸ் லைட்டருக்கும் உரியவை. பொறியே இல்லாத இடத்தில் அவற்றைப் பயன்படுத்தினால், பழுது பார்ப்பவர் இல்லாத பொறியைத் தேடுவார். ‘எரியூட்டி’ இலக்கணப்படி பிழையற்றதுதான். ஆனால் இறந்தவரின் உடலை எரியூட்டுதல் என்ற வழக்கு நம்மிடம் மிக வலுவாக வேரூன்றியிருப்பதால், வீட்டுக்கூடத்தில் குழந்தைகள் குளிர்காயும் ஒரு கருவியின் உறுப்புக்கு அப்பெயரைச் சூட்ட மனம் ஒப்பவில்லை. ‘பற்றவைப்பான்’ பொருளில் சரியானது. எனினும் ஆளைக் குறிப்பதுபோல் ஒலிப்பதோடு, பெயரடை சேர்த்து வழங்குவதற்கு நீளமாகவும் இருக்கிறது.

எஞ்சுவது ‘தீமூட்டி’. மூள்தல் தன்வினை, மூட்டுதல் பிறவினை. தீ மூள்கிறது, நாம் மூட்டுகிறோம். வழிகாட்டி, படகோட்டி என்பவற்றைப்போல் இகர விகுதி பெற்று அமைவதால் மூட்டி என்பது மொழிக்கு இயல்பானது. பொறியால் மூட்டுவதைப் பொறித் தீமூட்டி என்றும், சூட்டால் மூட்டுவதை வெப்பத் தீமூட்டி என்றும் பிரித்துக்கொள்ளவும் முடிகிறது. தீயை உண்டாக்கும் கருவிக்குச் சங்க இலக்கியத்தில் ‘ஞெலிகோல்’ என்ற அழகிய சொல் உண்டு; கடைந்து தீ எடுக்கும் கோல் என்பது அதன் பொருள். வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகிவைத்த ஞெலிகோல் அமைதியாகக் கிடந்து, வேண்டும்போது பெருந்தீயாக வெளிப்படுவதை ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு உவமையாக்கியிருக்கிறார் (புறநானூறு 315). அச்சொல்லை மீட்டெடுக்கும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் ஞெலிதல் உரசலால் தீ எழுப்புவது. மின்தடையால் சூடேறும் குழலுக்கு அது பொருந்தாது.

தீமூட்டி என்ற சொல்லைத் தேர்வதில் நடைமுறைப் பயனும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இக்னைட்’ என்ற ஒரே வினை, கருவி மூட்டுவதையும் எரிபொருள் பற்றுவதையும் சேர்த்தே குறிக்கிறது. தமிழிலோ மூட்டுதல் கருவியின் வினை, பற்றுதல் பெல்லட்டின் வினை. கணப்பு எரியவில்லை என்றால் இவ்விரண்டில் எது நடக்கவில்லை என்று பார்த்துவிட்டால், பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

முதலில் எரிகிண்ணத்தைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் தீமூட்டியைக் குறைசொல்ல இடமில்லை. எரிபொருளே வந்து சேரவில்லை. தொட்டி காலியாகியிருக்கலாம், பெல்லட்டைத் தள்ளும் திருகுத்தண்டு அடைபட்டிருக்கலாம், அல்லது கதவு சரியாக மூடாததால், எரியறையின் காற்றிழுப்பைக் கண்காணிக்கும் வெற்றிட ஸ்விட்ச் பெல்லட் ஊட்டத்தை நிறுத்தியிருக்கலாம். காலியான தொட்டியை நிரப்பியபின் திருகுத்தண்டின் குழாய் நிறையச் சிறிது நேரம் ஆகுமாதலால், முதல் முயற்சி தோற்பது பழுதாகாது. கிண்ணத்தில் பெல்லட் குவிந்து, கருகாமலும் புகையாமலும் குளிர்ந்தே கிடந்தால், மூட்டுதல் நடக்கவில்லை என்று பொருள். கையேடு அனுமதிக்கும் மாதிரிகளில், பெல்லட் கணப்புக்கென விற்கும் பற்றவைப்பு ஜெல்லைக் கொண்டு கையால் பற்றவைத்துப் பார்க்கலாம். அப்படிச் செய்ததும் கணப்பு ஒழுங்காக எரியத் தொடங்கினால், பழுது தீமூட்டியிலோ அதற்கு மின்சாரம் தரும் கம்பி, ஃபியூஸ், கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றிலோதான். மின்இணைப்பை முற்றிலும் துண்டித்து, கணப்பு ஆறியபின், மல்டிமீட்டரால் தீமூட்டியின் மின்தடையை அளக்கலாம். 300 வாட் உலோகக் குழல் 120 வோல்ட்டுக்கு உரியதானால் ஏறத்தாழ 48 ஓம், 230 வோல்ட்டுக்கு உரியதானால் ஏறத்தாழ 176 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளிருக்கும் சுருள் அறுந்துவிட்டது.

பெல்லட் புகைந்து, ஓரம் கருகி, ஆனால் சுடர் எழவில்லை என்றால் தீமூட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது, பற்றுதலே நிகழவில்லை. இங்கே பெரும்பாலும் குற்றவாளி சாம்பல்தான். எரிகிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கண்ணாடிபோல் உருகி உறைந்த சாம்பல் கட்டி சில துளைகளை முழுவதுமாக மூடியிருப்பது தெரியும். தீமூட்டி அமர்ந்திருக்கும் குழாயின் வாயிலும் மென்சாம்பல் படிந்திருக்கும். புகைபோக்கி அடைபட்டிருந்தாலும், கதவின் இடுக்கை அடைக்கும் கயிற்றுப்பட்டை தளர்ந்து காற்று வேறு வழியாகப் புகுந்தாலும் சூடான காற்று பெல்லட்டைப் போதிய அளவில் சென்றடையாது. ஈரம் ஏறிய பெல்லட்டும் பற்றாது. நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் சட்டென முறியும். நனைந்தது உப்பி மரத்தூளாக உதிரும்.

எது காரணமாயினும், மறுபடி இயக்குவதற்குமுன் கிண்ணத்தில் குவிந்த பெல்லட்டை அகற்றியே ஆக வேண்டும். குவியல் சுடரின்றிப் புகைந்துகொண்டே இருந்தால் எரியறை முழுவதும் எரிவளி நிறைந்து, தாமதமாகப் பற்றும் ஒரு நொடியில் வெடிப்புடன் சீறக்கூடும். புகைந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறக்கலாகாது. ஆறிய பின்பே திறக்க வேண்டும். அகற்றிய பெல்லட்டைத் தொட்டியில் மீண்டும் போடாமல், மூடியுள்ள உலோகக் கலத்தில் கொட்டி வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரியாத கங்கு இருக்கலாம்.

பழுது பார்ப்பவரை அழைக்கும்போதும் வெறுமனே ‘இக்னைட் ஆகவில்லை’ என்னாமல், ‘பெல்லட் விழுகிறது, தீமூட்டி சூடாகவில்லை’ என்றோ, ‘தீமூட்டி சூடாகிறது, பெல்லட் புகைகிறது, பற்றவில்லை’ என்றோ சொன்னால், முன்னதற்கு மாற்றுத் தீமூட்டியையும் மல்டிமீட்டரையும், பின்னதற்குச் சாம்பல் உறிஞ்சியையும் புகைபோக்கித் தூரிகையையும் எடுத்துக்கொண்டு அவர் புறப்படுவார்.