பிஞ்சு இதயத்தில் பேஸ்மேக்கர் வயரை எங்கே தைப்பது?

"குழந்தை வளர வளர பேஸ்மேக்கர் வயர் பத்தாமல் போய்விடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போகும்தான். அதனால் பொருத்தும்போதே கொஞ்சம் மிச்சம் விட்டு வளைத்து வைக்கிறார்கள். ஆனால் அதைவிட முக்கியம், வயரின் நுனி இதயத்தை எங்கே தொடுகிறது என்பது.

பிறவி ஹார்ட் பிளாக்கில், மேலறைகளின் மின்துடிப்பு கீழறைகளுக்கு வந்து சேராது. அந்தத் துடிப்பைச் செயற்கையாகக் கொடுக்கும் கருவிதான் பேஸ்மேக்கர். இதயத்தின் அமைப்பு சரியாக உள்ள குழந்தைகளில் பெரும்பாலும் தாயின் ரத்தத்திலுள்ள சில எதிர்ப்புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே போய், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் கணுவைச் சிதைப்பதுதான் காரணம். பல தாய்மார்களுக்கு அதுவரை நோயின் எந்த அறிகுறியும் இருந்திருக்காது. கர்ப்பத்தில் அதைத் தின்றாள், இதைப் பார்த்தாள் என்று அவர்கள்மேல் பழி போடுவது அநியாயம்.

பெரியவர்களுக்குச் சிரை வழியாக வயரை உள்ளே இறக்கிவிடலாம். பச்சிளம் குழந்தையின் சிரை மிகச் சிறியது, அடைத்துக்கொள்ளும். ஆகவே இதயத்தின் வெளிப்பரப்பிலேயே மின்முனையைத் தைத்து, பேட்டரியை வயிற்றுச் சுவரில் வைக்கிறார்கள்.

சரி, வெளிப்பரப்பில் எங்கே? நெஞ்சைத் திறந்ததும் எளிதில் கைக்கு எட்டுவது வலது கீழறை. சிக்கல் அங்கேதான். இயல்பான துடிப்பு தனி மின்நார்களில் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடும். பேஸ்மேக்கரின் துடிப்போ தசைக்குத் தசை தாவி, பெரும்பாலும் 1 மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் பரவும். வலப்பக்கம் தொடங்கினால் நடுச்சுவர் முதலில் சுருங்கும். எதிரே தளர்ந்திருக்கும் இடது சுவர் அந்த அழுத்தத்தில் வெளியே உப்பும். இடது சுவர் சுருங்கும்போது நடுச்சுவர் தளரத் தொடங்கிவிடும். ஈரத்துணியை ஒரு கை முறுக்கி விட்ட பிறகு மறு கை முறுக்கினால் தண்ணீர் எப்படி வடியும்? இப்படியே வருடக்கணக்கில் துடித்து, சில குழந்தைகளின் இடது கீழறை வீங்கித் தளர்ந்துபோகிறது.

இப்போது அதே மின்முனையை இடது கீழறையின் கூர்நுனியில் தைத்துப் பாருங்கள். அலை நடுச்சுவரிலும் எதிர்ச்சுவரிலும் ஏறக்குறைய ஒன்றாக ஏறும். இரண்டும் சேர்ந்து சுருங்க, ரத்தம் நுனியிலிருந்து மேலே பெருந்தமனி வாய்க்குப் பாயும். இடம் மட்டும் சில சென்டிமீட்டர் மாறியது, அவ்வளவுதான்! 2013-இல் வெளியான, 178 குழந்தைகளை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வும் இந்த நுனியையும் இடது பக்கச்சுவரின் நடுப்பகுதியையுமே சிறந்த இடங்களாகக் கண்டது.

இத்தகைய குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. சந்தையை நம்பினால் இவர்களுக்கென்று கருவிகள் வராது. அரசு நிதிதான் இந்த ஆராய்ச்சியைத் தாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்புறம், பெற்றோருக்கு ஒன்று: அறுவைக்கு முன் "வயரை எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். முந்தைய அறுவையின் தழும்போ வேறு இதயக் கோளாறோ இருந்தால் நுனியை எட்ட முடியாமல் போகலாம். அதையும் மருத்துவரே விளக்குவார்.