தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுகிறது?

வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி என்று மழைக்காலத்தில் செய்தித்தாளில் தவறாமல் வரும். அது கடல் மட்டத்திலிருந்து அளந்த கணக்கு, ஏரியின் ஆழம் அல்ல. மதகில் நிற்கும் ஷட்டருக்கு, அதாவது சட்டத்துக்குள் மேலும் கீழும் நகர்ந்து தண்ணீரை அடைக்கும் பென்ஸ்டாக் கேட்டுக்கு, அந்த 47.5 அடியும் பொருட்டில்லை, ஏரியின் நீள அகலமும் பொருட்டில்லை. தனக்கு மேலே எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறது என்பது ஒன்றே கணக்கு. அதே ஆழமுள்ள கிணற்றின் சுவரில் அந்த ஷட்டரைப் பொருத்தினாலும் தள்ளுவிசை இம்மியும் குறையாது.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கதவு, அதன் நடுப்புள்ளிக்கு மேல் 3 மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பையும் உயரத்தையும் பெருக்கினால் 3 கன மீட்டர் தண்ணீரின் எடை, அதாவது 3 டன், கதவைச் சட்டத்தோடு அழுத்துகிறது. உலோகத்தோடு உலோகம் உரசும் கதவில் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உராய்வாக எதிர்க்கும். ஆக, கதவின் சொந்த எடை போக இன்னும் ஒரு டன் தூக்க வேண்டும். கதவைத் தூக்கி இறக்கும் மரை போட்ட தண்டான ஸ்பிண்டிலும் கியர் பெட்டியும் இதற்குத்தான். கைச்சக்கரத்தைப் பல சுற்று சுற்றி ஒரே ஆள் அந்தப் பாரத்தை ஏற்றிவிடலாம். நம் பழைய ஏரிகளில் தண்ணீர் திறந்துவிடும் குமிழித்தூம்பு என்ற மதகில் இதே சிக்கலுக்கு வேறு தீர்வு: துளையே சிறியது. பரப்பு சுருங்கினால் விசையும் சுருங்கும்.

ஏரி மதகு, குடிநீர்த் தொட்டி, கழிவுநீர் பம்ப்பிங் ஸ்டேஷன் என எங்கே வைத்தாலும் பென்ஸ்டாக் கேட்டின் அடிப்படை இதுதான். வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது விலையையோ அளவையோ அல்ல, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளும் என்பதை. தண்ணீரே கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தினால், கசிவை அடைக்கும் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினால் கதவு சட்டத்தை விட்டு விலகப் பார்க்கும். வார்ப்பிரும்புக் கதவுகளில் ஆப்புகள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. ஆனாலும் எதிர்த்திசை அழுத்தத்தை அவை பொதுவாகக் குறைவாகவே தாங்கும்.

நம் கரையோரத்தில் இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. சாதாரண நாளில் வாய்க்காலிலிருந்து ஆற்றுக்குப் போகும் தண்ணீர், இப்படிப்பட்ட நாளில் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் திரும்பும். முகத்துவாரம் பக்கம் என்றால் கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். அங்கே வைக்கும் கதவுக்கு நான்கு பக்கமும் ரப்பர் சீல் இருந்து, இரு திசையிலும் அடைக்க வேண்டும். ஒருபக்கக் கதவை வைத்துவிட்டு, மழை வந்த பிறகு மணல் மூட்டை அடுக்குவது வீண்செலவு.

அடுத்தது உலோகம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் உப்புக்காற்றிலும் உவர்நீரிலும் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். 316 ரகத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் குளோரைடை அது கூடுதலாகத் தாங்கும். உவர்நீர் எட்டும் இடத்தில் இந்த விலை வித்தியாசத்தைப் பார்த்துக் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.

பாதாளச் சாக்கடையில் எதிரி வேறு. காற்றில்லாத கழிவுநீரில் பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அது மேலே எழுந்து ஈரச் சுவரில் படிய, வேறு வகை பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அதனால் நீருக்கு அடியில் இருக்கும் பகுதியைவிட நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் சட்டமும் கான்கிரீட்டும்தான் முதலில் அரிபடும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்து ஆளையும் கொல்லும். ஆகவே ஸ்பிண்டிலைத் தரைமட்டம் வரை நீட்டி, மேலே நின்றே இயக்கும்படி அமைக்காத கதவை வாங்கவே கூடாது என்பேன்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கதவை அசைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும் கதவில் துரு ஏறும், சீல் சட்டத்தோடு ஒட்டும், அடியில் வண்டல் இறுகும். அப்போது நாம் போட்ட ஒரு டன் கணக்கு எடுபடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகத் திறந்து மூடலாம். ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியிலேயே இதைச் செய்வது நல்லது. மரையில் ஒட்டிய பழைய கிரீஸை மண்ணோடு துடைத்தெடுத்துவிட்டுப் புதிது பூச வேண்டும். மண் கலந்த கிரீஸ் அரத்தைப் போலப் பித்தளை நட்டின் மரையைத் தின்றுவிடும்.

மூடும்போது முழுதாக அடைவதற்குச் சற்று முன் நிறுத்தினால், இடுக்கில் பாயும் வேகநீர் அடியிலுள்ள மணலை அடித்துக்கொண்டு போகும். பிறகு மூடலாம். அப்படியும் கசிந்தால் கைச்சக்கரத்தில் குழாயை மாட்டி நெம்புகிறவர்கள் உண்டு. அப்படி இறுக்கும்போது ஸ்பிண்டில் அமுக்கப்படுகிறது. மெல்லிய நீளத் தண்டு இழுவிசையை நன்றாகத் தாங்கும், அமுக்குவிசையில் வளைந்துவிடும். வளைந்த ஸ்பிண்டில் நட்டுக்குள் ஏறாது. வெள்ளத்தன்று கதவு திறக்காமல் போவதற்கு, முந்தைய கோடையில் யாரோ அளவுக்கு மீறி இறுக்கி மூடியதும் காரணமாக இருக்கலாம்.