தற்பொறுப்புக் கற்றல் குழாம்

‘செல்ஃப் மேனேஜ்டு லேர்னிங்’ என்பது, எதைக் கற்பது, எப்படிக் கற்பது என்பதைக் கற்பவரே முடிவு செய்து, ஒரு குழுவின் துணையோடு கற்கும் முறை. இதைப் பலரும் ‘சுயகற்றல்’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருந்தாது. சுயகற்றல் என்றால் ஒருவர் தனியே அமர்ந்து படிப்பது. இங்கோ குழு இல்லாமல் எதுவும் நகராது.

‘மேனேஜ்’ குதிரை லாயத்திலிருந்து வந்த சொல். குதிரையைக் கையாண்டு பழக்குவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லில் பிறந்தது. அதற்கும் மூலம் ‘மானுஸ்’, அதாவது லத்தீனில் கை. இதற்கு ‘மேலாண்மை’ என்றால் ‘மேல்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘தன்னாட்சி’ நல்ல சொல். ஆனால் தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் வகுப்பது கல்லூரிதான், மாணவர் அல்ல. ‘தற்பொறுப்பு’ என்பதே எங்கள் தேர்வு. இப்படிக் கற்போர் சேர்ந்த கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி’ என்பார்கள். அதைச் சமூகம் என்றால் நம்மூரில் சாதி நினைவுக்கு வரும். குழாம் போதும்.

இம்முறையை வகுத்தவர் இயன் கன்னிங்ஹாம். நிறுவன மேலாளர்களின் பயிற்சியில் வேரூன்றிய முறை, இங்கிலாந்தின் பிரைட்டன் பகுதியில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் வந்தது. அங்கே சட்டம் இடம் தருகிறது: 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளைக்குப் பள்ளியிலோ ‘வேறு வகையிலோ’ கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோர் கடமை என்கிறது.

பாடத்திட்டம் கிடையாது. ஒவ்வொருவரும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: இதுவரை எங்கே இருந்தேன்? இப்போது எங்கே இருக்கிறேன்? எங்கே போக வேண்டும்? எப்படிப் போவேன்? போய்ச் சேர்ந்ததை எப்படி அறிவேன்? இந்த விடைகளே அவரவர் கற்றல் உடன்படிக்கை. குழு அதைக் கேட்டு, துருவி, ஒப்புக்கொள்ளும். பிறகு கூடும்போதெல்லாம் அதை வைத்தே விசாரிக்கும். மாற்ற நினைத்தால் காரணம் சொல்லி மாற்றலாம்.

பெரும்பாலும் சறுக்குவது ஐந்தாவது கேள்வியில். ‘ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும்’ என்று எழுதினால் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. ‘முன்பின் தெரியாத ஒருவரோடு பத்து நிமிடம் தடையின்றிப் பேசுவேன்’ என்றால் குழுவால் சோதிக்க முடியும்.

குழுவில் ஆறு பேர் அளவு. ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். பன்னிரண்டு பேரானால் ஐந்துதான், கேள்வி ஆழமாகப் போகாது. பெரியவர் ஒருவர் ஆலோசகராக உடன் இருப்பார். மௌனம் நீளும்போது அவர் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டால், பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தே விடை சொல்வார்கள். அப்போது பொறுப்பு அவர் கைக்குப் போய்விடுகிறது.